கடலோர வீடுகளில் கைப்பேசி வைஃபை தகராறு: பழுதை வரிசையாகத் தேடும் வழி

கைப்பேசியில் இணையம் நின்றவுடன் ரவுட்டரை நாலைந்து முறை அணைத்துப் போடுவதும், அதற்கும் சரியாகாவிட்டால் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடுவதும் தொண்டி முதல் சாயல்குடி வரை நம் கடற்கரை ஊர்களில் வழக்கமாகிவிட்டது. பழுது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் செலவு செய்வதால், நல்ல கைப்பேசியை ஓரங்கட்டிவிட்டுப் புதிது வாங்கியவர்களும், நல்ல ரவுட்டரைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. வீட்டுக்குப் புதிதாக இணைப்பு வாங்கியிருப்பவர்கள் கீழே சொல்லும் வரிசையில் பொறுமையாகப் பார்த்தால், பெரும்பாலும் பைசா செலவில்லாமல் தாமே சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதபோதும், யாரிடம் என்ன சொல்லிப் புகார் செய்வது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியிலிருந்து ரவுட்டர் வரை இணைப்பு காற்றில் வருகிறது. ரவுட்டரிலிருந்து நிறுவனத்தின் நிலையம் வரை கேபிளில் போகிறது. அங்கிருந்துதான் வெளியுலகத்துக்குப் போகிறது. வைஃபை என்று நாம் சொல்வது முதல் பகுதியை மட்டுமே. வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளிலும் வைஃபை அடையாளம் முழுதாகத் தெரிந்தும் எதுவும் திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் முதல் பகுதி நன்றாக இருக்கிறது, கோளாறு அதற்கு அப்பால் இருக்கிறது என்று பொருள். கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது வாளியை மாற்றிப் பயனில்லை என்பதுபோல, அந்த நிலையில் கைப்பேசியை நோண்டுவது வீண் வேலை.

எந்தப் பகுதி என்று கண்டுபிடிப்பது

கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். வைஃபை சரியில்லாதபோது பல கைப்பேசிகள் சொல்லாமல் கொள்ளாமல் டேட்டாவுக்கு மாறிவிடுவதால், எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பது குழம்பிப்போகும். டேட்டாவை அணைத்தபின் ரவுட்டருக்கு ஏழெட்டு அடி தூரத்தில் நின்று ஒரு செய்தித் தளத்தைத் திறந்து பாருங்கள். பிறகு வீட்டிலுள்ள இன்னொரு கைப்பேசியிலும் அதையே செய்யுங்கள். எல்லாக் கைப்பேசிகளிலும் வரவில்லை என்றால் கோளாறு ரவுட்டரிலோ கேபிளிலோ இருக்கிறது. ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் அந்தக் கைப்பேசியைப் பார்க்க வேண்டும். ரவுட்டர் பக்கத்தில் நன்றாக வந்து, உள்ளறையில் வரவில்லை என்றால் தூரமும் சுவரும்தான் காரணம். ஒரே ஒரு செயலி மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அந்தச் செயலியில்தான் ஏதோ இருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் அடுத்த வேலைக்குப் போக வேண்டாம்.

செயலியைப் பற்றிச் சொல்லும்போது, கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் அடிக்கடி எழும் ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். துபாயிலும் அபுதாபியிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது, அழைப்பு மட்டும் இணையவில்லை என்றால் அது உங்கள் வைஃபையின் பழுதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்பும் காணொளி அழைப்பும் கட்டுப்படுத்தப்பட்டவை. அங்கே அனுமதி பெற்ற பாட்டிம் போன்ற செயலிகளின் வழியாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. இந்தத் தடையைத் தாண்டுவதற்காக யாரோ சொல்லிக் கொடுத்த இலவச விபிஎன் செயலியை (நம் இணையத்தை வேறொரு கணினி வழியே சுற்றி அனுப்புவது) இங்கே உள்ளவர்களும் கைப்பேசியில் ஏற்றி வைத்திருப்பார்கள். அது பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தால் மற்ற எல்லாமும் மெதுவாகும், சில சமயம் அடியோடு நின்றும் போகும். திரையின் மேல்பட்டையில் சிறிய சாவி அடையாளமோ விபிஎன் என்ற எழுத்தோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதை நிறுத்திவிட்டு மீண்டும் சோதியுங்கள்.

ரவுட்டரின் விளக்குகள்

எல்லாக் கைப்பேசிகளிலும் இணையம் வரவில்லை என்று தெரிந்தால், ரவுட்டரின் முன்பக்கத்தைப் பாருங்கள். ஃபைபர் (கண்ணாடி இழை) இணைப்புள்ள பெட்டியில் பவர், பான் (PON), எல்ஓஎஸ் (LOS), இன்டர்நெட், வைஃபை என்ற பெயர்களில் சிறு விளக்குகள் இருக்கும். நிறுவனத்தோடு ஃபைபர் தொடர்பு இருப்பதைக் காட்டும் பான் விளக்கு பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். எல்ஓஎஸ் விளக்கு அணைந்திருக்க வேண்டும். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ கேபிள் வழியே ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்போது கைப்பேசியில் செய்வதற்கு எதுவுமே இல்லை. பான் விளக்கு சரியாக இருந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லை அல்லது சிவப்பாக இருக்கிறது என்றால், முதலில் ரீசார்ஜ் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். எளிய காரணமாகத் தோன்றினாலும் பலமுறை இதுவாகத்தான் இருக்கிறது.

எல்ஓஎஸ் சிவப்பாக எரியும்போது வீட்டுக்குள் பார்க்கக்கூடியது ஒன்றுண்டு. சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிய கேபிள் எங்காவது கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, கட்டில் காலுக்குக் கீழே மாட்டியிருக்கிறதா, சுருக்காக மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் உள்ளே ஓடுவது கண்ணாடி இழை என்பதால் இறுக்கமாக மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். மடிப்பை நேராக்கி, உள்ளங்கையை விட அகலமான வளையமாகத் தளர விட்டாலே சில சமயம் விளக்கு பச்சைக்குத் திரும்பிவிடும். பெட்டியில் செருகியிருக்கும் பச்சை நிற கனெக்டரைக் கழற்றாமல் இருப்பதே நல்லது. கழற்றினால் அதன் முனையை விரலாலோ வேட்டி நுனியாலோ துடைக்கக் கூடாது. கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவும் கூடாது. அதில் வரும் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வகை, விழித்திரைக்கு ஆபத்தானது. குழந்தைகள் உள்ள வீடுகளில் இதை எல்லோரிடமும் ஒருமுறை சொல்லி வையுங்கள்.

உப்புக்காற்றும் மின்சாரமும்

மதுரையிலோ கோவையிலோ இருந்துகொண்டு எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவில் வீடு கட்டியிருக்கும் நமக்கு இது இரண்டு வரியில் முடிகிற விஷயமில்லை. வாடைக்காற்று அடித்தாலும் சோழகம் அடித்தாலும் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து உப்பு வீட்டுக்குள் வந்துகொண்டேதான் இருக்கிறது. சன்னல் கம்பியில் அது துருவாகத் தெரிகிறது. பிளக்கின் பித்தளைக் காலில் பச்சைக் களிம்பாகத் தெரிகிறது. ரவுட்டர் அடாப்டரின் முனையில் மட்டும் நம் கண்ணில் படுவதில்லை.

அந்த முனையை ஒருமுறை உருவிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சிறிய உருளை வடிவ முனையின் உள்பக்கத்திலும், அது செருகும் துளையின் நடுவில் நிற்கும் ஊசியிலும் பளபளப்பு போய், வெளிறிய பச்சையோ வெள்ளைப் பொடியோ படிந்திருந்தால் அங்கே மின்சாரம் தடுமாறுகிறது. இப்படிப்பட்ட நிலையில் விளக்குகள் எல்லாம் எரியும். ஆனால் நாலைந்து கைப்பேசிகள் ஒரே நேரத்தில் காணொளி பார்க்கும்போது ரவுட்டருக்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்பட்டு, அது கிடைக்காமல் தானாகவே அணைந்து மறுபடி தொடங்கும். கைப்பேசியில் பார்ப்பவருக்கு வைஃபை திடீரென்று காணாமல் போய், ஓரிரு நிமிடத்தில் திரும்ப வருவதாகத் தெரியும். மாலை நேரத்தில் மட்டும் இப்படி நடக்கிறது என்றால் முதல் சந்தேகம் அடாப்டர் மேல்தான் விழ வேண்டும்.

சுத்தம் செய்வதற்கு முன் சுவர் ஸ்விட்சை அணைத்து அடாப்டரை முழுவதுமாகக் கழற்றிவிட வேண்டும். செல்பேசி சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு முனையைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். பிளக் காலின் களிம்பைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தாலே போய்விடும். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், ஈரத்துணி எதுவும் வேண்டாம். லேன் கேபிள் வழியே இணைப்பு வரும் வீடுகளில் அந்தக் கேபிளின் கண்ணாடி போன்ற தலைப்பகுதிக்குள் எட்டுத் தகடுகள் தெரியும். அவற்றில் கறுப்போ பச்சையோ ஏறியிருந்தால் துடைப்பதைவிடத் தலையை வெட்டிவிட்டுப் புதிது போடச் சொல்வதே நிலைக்கும்.

அடாப்டரை மாற்ற நேர்ந்தால், பழையதின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவு அப்படியே இருக்க வேண்டும். 12 வோல்ட் என்றால் 12 வோல்ட்தான். ஆம்பியர் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனை பொருந்துகிறது என்பதற்காக வேறொரு கருவியின் அடாப்டரைச் செருகிப் பார்ப்பது ரவுட்டரையே எரித்துவிடும்.

மின்தடையின்போது இன்வெர்ட்டரோ ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ்ஸோ இருந்தும் இணையம் வரவில்லை என்று பலர் வியப்படைகிறார்கள். உள்ளூர் கேபிள்காரர் மூலம் வரும் இணைப்புகளில், தெருக் கம்பத்தில் உள்ள பெட்டியிலும் மின்சாரத்தில் இயங்கும் கருவி இருக்கக்கூடும்; தெருவில் மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். கரண்டு வந்த பிறகு பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் புகார் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் வரும்போல் இருந்தால், அது தொடங்கும் முன்பே அடாப்டரையும் லேன் கேபிளையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவதுதான் பாதுகாப்பு. ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது.

ரவுட்டரை அணைத்துப் போடும்போது

அணைத்தபின் உடனே போடாமல் அரை நிமிடமாவது விட வேண்டும். போட்டபின் விளக்குகள் எல்லாம் நிலைபெற இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதுவரை கைப்பேசியில் எதையும் மாற்ற வேண்டாம். பெட்டியின் பின்னால் ஊசித்துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானை மட்டும் யாரும் தொடக் கூடாது. அதைச் சில நொடிகள் அழுத்தினால் நிறுவனம் ஏற்றி வைத்திருக்கும் பயனர் பெயரும் மற்ற அமைப்புகளும் அழிந்துவிடலாம். பிறகு ஆள் வந்து திரும்ப ஏற்றும் வரை வீட்டில் இணையம் இருக்காது. பாம்பன் தீவிலோ வாலிநோக்கம் பக்கமோ இருப்பவர்களுக்கு அந்த ஆள் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு கைப்பேசியில் மட்டும் வரவில்லை என்றால்

முதலில் ஏரோபிளேன் மோடை அரை நிமிடம் போட்டு எடுங்கள். அடுத்துக் கைப்பேசியை அணைத்துப் போடுங்கள். அதற்கும் வராவிட்டால் செட்டிங்ஸில் வைஃபை பகுதிக்குப் போய், உங்கள் வீட்டு வைஃபை பெயரை அழுத்தி, 'ஃபர்கெட்' என்பதைத் தேர்ந்து, கடவுச்சொல்லைப் புதிதாக அடித்து இணையுங்கள். கடவுச்சொல்லில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. அடிக்கும்போது கண் அடையாளத்தை அழுத்தி எழுத்துகளைப் பார்த்தே அடிப்பது நல்லது. இந்த மூன்றிலேயே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் ஐபி முகவரி பெறப்படுகிறது என்ற வரியிலேயே கைப்பேசி நின்றுகொண்டிருந்தால், ரவுட்டர் அதற்கு ஓர் எண்ணை ஒதுக்கவில்லை என்று பொருள். வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண் ஒன்றை ரவுட்டர் கொடுக்கும். ஐபோனில் வைஃபை விவரத்தைத் திறந்து பார்த்தால் அதற்குப் பதிலாக 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால், ரவுட்டரிடமிருந்து பதில் கிடைக்காமல் கைப்பேசி தானே போட்டுக்கொண்ட எண் அது. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டாலே பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் அந்த வைஃபையின் ஐபி அமைப்பு 'ஸ்டேட்டிக்' (எண்ணைக் கையால் நிலையாக வைப்பது) என்று இருக்கிறதா என்று பார்த்து 'டிஎச்சிபி' (ரவுட்டரே எண் கொடுப்பது) என்று மாற்றுங்கள்.

இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் இல்லை என்று வியப்புக்குறியோடு காட்டினால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, தேதியும் நேரமும். பாதுகாப்பான தளங்கள் காட்டும் சான்றிதழின் காலத்தைக் கைப்பேசி தன் கடிகாரத்தோடு ஒப்பிடுவதால், தேதி தவறாக இருந்தால் அந்தத் தளங்கள் திறக்காது. தானியங்கி நேரத்தைப் போட்டுவிடுங்கள். இன்னொன்று, ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள பிரைவேட் டிஎன்எஸ் அமைப்பு (டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவை). விளம்பரத்தைத் தடுப்பதற்காக யாராவது அதில் ஒரு முகவரியை அடித்து வைத்திருந்து, அந்தச் சேவை நின்றுபோனால் கைப்பேசியில் இணையமே நின்றுபோகும். அதை 'ஆட்டோமேட்டிக்' என்று வையுங்கள்.

பழைய கைப்பேசி வைஃபை பெயரைப் பார்க்கிறது, இணைய மறுக்கிறது என்றால் ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் வைக்கப்பட்டிருக்கலாம். அது 2018-இல் வந்த முறை. அதற்கு முந்தைய கைப்பேசிகள் பலவற்றுக்கு அது தெரியாது. ரவுட்டர் அமைப்பில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையைத் தேர்ந்தெடுக்கலாம். இதற்கு எதிர்மாறாக, கைப்பேசி புதிதாக இருந்து ரவுட்டர் அதை ஏற்கவில்லை என்றால், அனுமதித்த கருவிகள் மட்டும் என்ற மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) பட்டியலை யாராவது ரவுட்டரில் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆண்ட்ராய்டு 10-இலிருந்தும், ஐபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-இலிருந்தும் கைப்பேசிகள் தம் உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த மறைப்பை எடுத்துவிட்டால் பட்டியலில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகும்.

எல்லாம் செய்தும் பயனில்லை என்றால் கைப்பேசியின் நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் ரீசெட் செய்யலாம். படங்களும் எண்களும் அழியாது. சேமித்திருந்த வைஃபை கடவுச்சொற்களும் புளூடூத் இணைப்புகளும் போய்விடும் என்பதால் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

சுவரும் தூரமும்

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தில் பார்க்கிறோமே, அந்தப் பவளக்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு கட்டிய தடித்த சுவர்கள் பழைய கடலோர வீடுகளிலும் இருக்கின்றன. கீழக்கரையின் பெரிய வீடுகளில் வாசலில் இருக்கும் ரவுட்டருக்கும் கடைசிப் பகுதியில் இருக்கும் பாட்டியின் கைப்பேசிக்கும் நடுவில் இப்படி மூன்று நான்கு சுவர்கள் நிற்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, இரும்பு பீரோ, தகரக் கூரை, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாமே அலையைத் தடுப்பவை.

ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஒரு சுவரைத் தாண்டியதுமே களைத்துவிடும். உள்ளறையில் இருப்பவர்களை 2.4-இலும், ரவுட்டர் இருக்கும் அறையிலேயே தொலைக்காட்சி பார்ப்பவர்களை 5-இலும் இணைத்து வைப்பது நல்ல ஏற்பாடு. இதற்காக ரவுட்டர் அமைப்பில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்துவிடுங்கள். விலை குறைந்த சில கைப்பேசிகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் கண்ணிலேயே படாது; அது கைப்பேசியின் இயல்பு, பழுதில்லை.

வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை ஏற்றிக்கொண்டு அறை அறையாக நடந்து பாருங்கள். அதில் மைனஸ் எண்ணில் சிக்னல் தெரியும்; பூஜ்யத்துக்கு அருகில் இருக்க இருக்க நல்லது. மைனஸ் 50 மிக நன்று, மைனஸ் 67 வரை காணொளி அழைப்புக்குப் போதும், மைனஸ் 80-ஐ ஒட்டினால் குரல் விட்டு விட்டுத்தான் கேட்கும். ரவுட்டரைத் தரையிலிருந்தும் பீரோ பின்னாலிருந்தும் எடுத்து, வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்துவிட்டு மறுபடி நடந்து பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை உள்ள மாடியறை மட்டும் வேண்டாம். சித்திரை வெயிலில் அந்தச் சூடு ரவுட்டரையே திணறடித்துவிடும். சிக்னலை வாங்கித் தூரத்துக்கு நீட்டித்துக் கொடுக்கும் ரிப்பீட்டர் வாங்குவதென்றால், சிக்னல் இல்லாத அறையில் அதை வைத்துப் பயனில்லை. நல்ல சிக்னல் வரும் பாதி வழியில் வைக்க வேண்டும். தடித்த சுவர் வீடுகளுக்கு, லேன் கேபிளை உள்கட்டு வரை இழுத்து அங்கே இரண்டாவது ரவுட்டர் வைப்பதுதான் என் பரிந்துரை. ஒருமுறை செலவோடு முடிந்துவிடும்.

விடுதிகள் நெருங்கிய ராமேஸ்வரம் ரத வீதிகள் போன்ற இடங்களில் பக்கத்து வைஃபைகளோடு மோதலும் சேர்ந்துகொள்ளும். அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸின் சேனலை (அலைவரிசைக்குள் ரவுட்டர் பேசும் தடம்) 1, 6, 11 ஆகியவற்றில் கூட்டம் குறைந்த ஒன்றுக்கு மாற்றுங்கள். இன்னொரு நெரிசல் வீட்டுக்குள்ளேயே வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்க, பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ள, எல்லோரும் வீட்டில் இருந்து ஒரே இணைப்பைப் பயன்படுத்துவார்கள். காலை ஐந்து மணிக்கு வேகமாகவும் இரவு ஒன்பது மணிக்கு மெதுவாகவும் இருந்தால் கருவிகள் எதுவும் பழுதில்லை. ரவுட்டரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்து, தெரியாத பெயர்கள் இருந்தால் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

புகார் செய்யும்போது

எல்ஓஎஸ் விளக்கு எத்தனை மணியிலிருந்து சிவப்பாக எரிகிறது, எத்தனை கைப்பேசிகளில் சோதித்தீர்கள், அடாப்டரைப் பார்த்தாயிற்றா என்பதை எழுதி வைத்துக்கொண்டு நிறுவனத்தின் புகார் எண்ணை அழையுங்கள். நெட் வரலை என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி அழைப்பை முடித்துவிடுவார்கள். புகாருக்கு டாக்கெட் எண் (புகாரின் பதிவு எண்) ஒன்று கொடுப்பார்கள். அதைக் கேட்டு வாங்காமல் அழைப்பை முடிக்கக் கூடாது. குறை தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் அந்த எண்ணைக் காட்டி முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்யலாம்.

பழுது பார்க்க ஆள் வந்தால், கேபிளில் ஒளி எந்த அளவில் வருகிறது என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை இருந்தால் நலம்; மைனஸ் 27-ஐத் தாண்டி மைனஸ் 28, 29 என்று போனால் இன்று வேலை செய்தாலும் அடுத்த மழையில் நின்றுவிடலாம், எனவே வெளிக் கம்பத்தின் இணைப்பைப் புதிதாகப் போடச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வரும் கேபிளோடு ஒட்டிய தாங்கு கம்பி துருப்பிடித்து அற்றிருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் காற்றின் இழுப்பு முழுவதும் கண்ணாடி இழை மேல் விழுந்து அது ஒருநாள் அறுந்துபோகும். அவர் புறப்படுவதற்கு முன் வீட்டின் கடைசி அறையிலிருந்து ஒரு காணொளி அழைப்பு போட்டு, இரண்டு மூன்று நிமிடம் தடையின்றிப் பேசிப் பார்த்தபிறகே வேலை முடிந்ததற்கான ஓடிபியைச் சொல்லுங்கள்.